இரண்டு கேபிளும் ஒரே நேரத்தில்

சாமானில் குறை சொல்வது வாங்குகிறவன் வேலை. அதைக் கேட்டு மனசு நொந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வது விற்கிறவன் வேலை. விற்கிறவன் தானாக வாயைத் திறந்து ஒரு குறையைச் சொன்னதாக எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சரித்திரம் கிடையாது. காரைக்குடியில் பழைய சாமான் கடை நடத்துகிறேன். விரிசல் விட்ட ஜாடியை ‘கப்பலில் வந்தபோது விழுந்த விரிசல்’ என்று சொல்லி, விரிசலுக்கும் சேர்த்து விலை வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பழக்கம்தான் ஞாயிற்றுக்கிழமை என்னை முந்திக்கொண்டு பேசியது.

அமராவதிபுதூருக்கு வெளியே வற்றிக் கிடந்த கண்மாய். கரையின் அடியில் முத்தரசு கால் முறிந்து கிடந்தார். சீமைக்கருவேலம் வெட்ட வந்தவர். கரை நிழலில் சோற்றுத் தூக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தவர்மேல் நான் விற்க வைத்திருந்த பழைய ஜீப் சரளையில் சறுக்கி வந்து இடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு ஏட்டையா நோட்டை விரித்தார்.

“வண்டியில ஏதும் கோளாறு உண்டா?”

“ஒரு குறையும் கிடையாது ஏட்டையா. நட்டு நட்டாக் கழட்டிப் பூட்டின வண்டி.”

எனக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், ஜீப் மேடு ஏறுவதைப் பார்த்துவிட்டு வாங்க வந்த கோயம்புத்தூர்க்காரர் நின்றிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஏட்டையா எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கினார். வண்டியில் குறை இல்லையென்றால் குறை யாரிடம் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். வண்டியை ஓட்டிய சேசுராஜ் சட்டையெல்லாம் செம்மண்ணாக என் எதிரில் நின்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேசுராஜ் வாரநாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருடம், வேனில் ஒரு கீறல் கிடையாது. ஞாயிறு பூசை முடிந்ததும் என் கடைக்கு வந்து, பெரிய சாமான் ஏற்றி இறக்க வண்டி ஓட்டுவார். இப்போது அவர் லைசென்ஸ் ஸ்டேஷன் பீரோவில் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர், வெள்ளிக்கிழமைவரை வேனுக்கு வேறு ஆள் போட்டிருந்தார். வியாழன் நாலு மணிக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து ஜீப்பைச் சோதிப்பார். ‘இயந்திரக் கோளாறு இல்லை’ என்று அவர் எழுதினால், பிள்ளைகளை ஏற்றும் வேனில் சேசுராஜ் இனி கை வைக்க முடியாது. நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு வேறு வேலை தெரியாது.

சேசுராஜ் சொன்ன கதையை யாரும் நம்பவில்லை. நானும்தான். கரையின் மேட்டில் பாதி ஏறும்போது எஞ்சின் நின்றுவிட்டதாம். மறுபடி ஸ்டார்ட் செய்து மேலே ஏறியதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாராம், எஞ்சின் வேகம் குறையவில்லையாம். அந்தக் காலத்து டீசல் ஜீப்பைச் சாவியால் அணைக்க முடியாது, ஒரு குமிழை இழுக்க வேண்டும். குமிழை இழுத்தாராம், அதுவும் வரவில்லையாம். வண்டி கரையைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட்டதாம்.

இதில்தான் எனக்குச் சந்தேகம். நாலு பேரிடம் விலை பேசிப் பழகியவனுக்குப் பொய்யின் அளவு தெரியும். ‘ஆக்சிலேட்டர் கேபிள் மாட்டிக்கொண்டது’ என்று நிறுத்தியிருந்தால் நம்பலாம். ஆக்சிலேட்டர் கேபிளும் ஸ்டாப் கேபிளும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டன, பிறகு இரண்டும் தானாகவே சரியாகிவிட்டன என்றால், அது கூட்டிச் சொன்ன விலை.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் சம்சுதீனை ஜீப் கிடந்த ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு போனேன். சேசுராஜுக்காக அழைத்துப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது உண்மையில்லை. நாலு நாள் வெயிலில் கிடந்த வண்டி, இன்ஸ்பெக்டர் முன்னால் மானத்தை வாங்காமல் ஸ்டார்ட் ஆக வேண்டும். ‘குறை இல்லை’ என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதாகக் கோயம்புத்தூர்க்காரர் சொல்லியிருந்தார்.

“தொட்டுப் பாரு, ஓட்டிப் பாரு. ஒரு நட்டைக் கழட்டினே, உன்னையும் கேஸ்ல சேத்துருவேன்” என்று சம்சுதீனிடம் சொல்லிவிட்டு ஏட்டையா உள்ளே போனார்.

“கழட்டாமப் பாக்கிறதுக்கு நான் என்ன டாக்டரா?” என்றார் சம்சுதீன், அவர் காதில் விழாத தூரம் போனதும்.

சேசுராஜ் கேட்டுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். வண்டி பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு.

சம்சுதீன் பெடலை அமுக்கினார், விட்டார். வெண்ணெய் மாதிரி போய் வந்தது. ஸ்டாப் குமிழை இழுத்தார், ஒரு விரலுக்கு வந்தது. ஸ்டார்ட் செய்தார். செல்ஃப் மோட்டார் கொஞ்சம் முனகியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. அணைத்தார். மறுபடி போட்டார். பத்துத் தடவை. பத்துத் தடவையும் வண்டி சொன்னபடி கேட்டது.

“பாத்தீகளா பாய்” என்றேன். “வண்டில ஒண்ணும் இல்லை.”

அவர் கேட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“சேசு, மேட்டுல நின்னுச்சே, அப்ப எந்தக் கியரு?”

“ஃபோர் வீல் லோ, ஃபர்ஸ்ட்டு.”

“நியூட்ரல் பண்ணித்தானே ஸ்டார்ட் பண்ணே?”

“அந்தச் சரிவுல நியூட்ரலா? பின்னாடி உருண்டு கண்மாய்க்குள்ள போயிருக்கும். கிளட்ச்ச மிதிக்காம, கியர்லயே வச்சு செல்ஃப் அடிச்சேன். செல்ஃப் மோட்டாரே வண்டிய மேல இழுத்துச்சு.”

“எம்புட்டு நேரம்?”

சேசுராஜ் யோசித்தார். “ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ற நேரம். முழுசாச் சொன்னேன்.”

சம்சுதீன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இருவது செகண்டுண்ணே. நாம இங்குட்டு ரெண்டு செகண்டுதான் அடிச்சோம்.” மறுபடி அவரிடம், “ஏதும் வாடை வந்துச்சா?”

“பிளாஸ்டிக்குக் கருகின வாடை. இதையும் சொன்னேன் பாய். குடிச்சிருந்தியான்னுதான் கேட்டாக.”

சம்சுதீன் வண்டிக்குத் திரும்பி, எஞ்சினுக்குள் தலையை விட்டார். பிறகு தனக்குத்தானே பேசுகிறவர்போல் சொன்னார்: “ஒரு கேபிள் மாட்டுச்சுன்னா கேபிள் கோளாறு. ரெண்டு கேபிளும் ஒரே நேரத்துல மாட்டுச்சுன்னா, அது கேபிள் கோளாறு இல்லை. ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கணும்.”

“பொதுவா இருந்தது ஓட்டின ஆளு” என்றேன்.

“உங்க வாய்க்கு அல்லா நல்ல விலை குடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு டார்ச்சை அடித்தார். இரண்டு கேபிளும் டிரைவர் பக்கத் தகரத்தில் தொடங்கி எஞ்சினில் முடிகின்றன. இரண்டின் மேலுறையிலும், எஞ்சினுக்கு ஒரு சாண் முன்னால், கடுகு வெடித்த மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள். சம்சுதீன் அவற்றை விரலால் தடவிப் பார்த்தார்.

மீட்டரை எடுத்தார். ஒரு முனையை வண்டியின் பாடியிலும் மறு முனையை எஞ்சினிலும் வைத்துக்கொண்டு, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

“மூணு வோல்ட்டு. அரைக்கு மேல காட்டக்கூடாதுண்ணே.”

“காட்டினா என்ன?”

“செல்ஃப் மோட்டாரு கரண்டைக் குடம் குடமாக் குடிக்கும். குடிச்சது எஞ்சின்லேர்ந்து பாடி வழியாத் திரும்பப் பேட்டரிக்குப் போகணும். எஞ்சின் ரப்பர்மேல உக்காந்திருக்கு. அதனால எஞ்சினையும் பாடியையும் சேக்குறதுக்கு ஒரு எர்த் பட்டை போட்டிருப்பாக. அதான் பெரிய ரோடு. பெரிய ரோட்டை எவனோ அடைச்சுட்டான். லாரியெல்லாம் சந்துக்குள்ள நுழைஞ்சிருக்கு. இந்த ரெண்டு கேபிள்தான் சந்து. இரும்புக் கம்பி, அம்புட்டுக் கரண்டு போனா அடுப்பாட்டம் காயும். உள்ள இருக்கிற பிளாஸ்டிக்கு இளகிக் கம்பியைக் கவ்விரும். ஆறினா விட்ரும். மேட்டுல கியரோட இழுத்தாத்தான் அம்புட்டுக் கரண்டு. சமதரையில நூறு தடவை அடிச்சாலும் சிக்காது.”

அவர் கீழே படுத்து, டார்ச்சோடு உள்ளே நகர்ந்தார்.

“அண்ணே, எர்த் பட்டை இருக்கு. அறுகலை, லூசும் இல்லை. ஆனா என்னண்ணே இது, பொண்ணு கழுத்துல போடுற மாதிரி மின்னுது?”

குனிந்து பார்க்க எனக்குத் தேவைப்படவில்லை.

எங்கள் கடைக்கு ஒரு முறை உண்டு. பித்தளை, செம்பு எது வந்தாலும் முதலில் புளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுவோம். காலையில் தேய்த்துப் பளபளவென்று எடுத்ததும், மறுபடி கறுக்காமல் இருக்க லேக்கர் என்கிற கண்ணாடி வார்னிஷில் முக்கிக் காயவைப்போம். குத்துவிளக்கு, கூஜா, கதவுக் குமிழ் எல்லாம் அப்படித்தான் கடையை விட்டுப் போகும். வண்டி மெக்கானிக்கிடம் கொடுத்தால் அழகாக வராது என்று, இந்த ஜீப்பையும் கடையிலேயே பிரித்தேன். செம்புக் கம்பியில் பின்னிய அந்தப் பட்டை, பச்சைப் பாசி பிடித்து வந்தது. இரண்டு முனையையும் சேர்த்து நானே லேக்கரில் முக்கினேன். ஒரு தடவை போதாதென்று இரண்டு தடவை. காய்ந்ததும் என் கையாலேயே பூட்டினேன்.

சம்சுதீன் வெளியே வந்தார். நகத்தைக் காட்டினார். நகத்தில் கண்ணாடிச் செதில் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது.

“வார்னிஷ்ண்ணே. கரண்டு எதுல போகும்? யாரு பண்ணது இது?”

“கடையில பண்ணதுதான்” என்றேன். கடைக்கு நான்தான் முதலாளி, நான்தான் கூலி. ஆனால் ‘கடை’ என்று சொன்னால் யாரோ நாலு பேர் இருப்பதுபோல் ஒரு வசதி.

அவர் சிரிக்கப் போனார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “சரி, விடுங்க. இப்ப இதைத் தொடாம அப்படியே வைப்போம். இன்ஸ்பெக்டர் வந்ததும் அவரு கண் முன்னாலயே கியர்ல வச்சு அடிச்சுக் காட்டுறேன். சேசு பொழச்சுக்கிருவாரு.” மணியைப் பார்த்தார். மூன்றரை. “அசர் தொழுதுட்டு வந்துர்றேன். பெட்டியைப் பாத்துக்கங்க.”

பெட்டி திறந்தே கிடந்தது. மேலாக உப்புத்தாள். அதன் கீழே பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.

அவர் போய் இரண்டு நிமிடம் இருக்கும், போன் வந்தது. கோயம்புத்தூர்க்காரர். “ரிப்போர்ட் கிளீனா வந்துடுமில்லீங்க? வந்துட்டா நாளைக்கே டிரைவர அனுப்பிடறனுங்க.”

“வந்துரும்” என்றது என் வாய்.

ஏட்டையா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போல்ட் ஒன்றே ஒன்றுதான். கழற்றி, முனையை உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்துப் பூட்டினால் பெரிய ரோடு திறந்துவிடும். அப்புறம் எத்தனை தடவை கியரில் வைத்து அடித்தாலும் கேபிள் காயாது. வண்டி உண்மையிலேயே குறையில்லாத வண்டி ஆகிவிடும். வாங்குகிறவருக்கும் ஆபத்தில்லை. நியாயத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு லாபமாகவே தெரிந்தது. சேசுராஜ் நின்றிருந்த பக்கம் மட்டும் நான் திருப்பவில்லை.

கீழே படுத்தேன். ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினேன். இழுத்தேன். லேக்கர் பட்டென்று உடைகிற சத்தம் கேட்டது. போல்ட் கால் சுற்றுத் திரும்பியது.

“அண்ணே!” கேட்டுக்கு வெளியிலிருந்து சேசுராஜ். “ஏதும் சிக்குச்சா?”

“பாத்துக்கிட்டிருக்கேன்.”

“அழுக்காயிரப் போகுது. சாக்கு ஒண்ணு கெடக்கு, போட்டுப் படுங்க. நான் உள்ள வரக்கூடாதுன்னுட்டாக, இல்லைன்னா நானே விரிச்சிருப்பேன்.”

கம்பி இடுக்கு வழியாக ஒரு கோணிச் சாக்கு உள்ளே வந்து விழுந்தது. தனக்காகத்தான் நான் மண்ணில் படுத்திருக்கிறேன் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்பேனரை எடுத்துவிட்டேன். நல்லவன் ஆனதால் என்று எழுத மாட்டேன். கை வரவில்லை, அவ்வளவுதான். போல்ட்டைப் பழையபடி இறுக்கி வைக்கவும் தோன்றவில்லை. எழுந்து, ஸ்பேனரைப் பெட்டியில் உப்புத்தாளின் மேல் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, கால் சுற்றுதானே என்று சொல்லிக்கொண்டேன்.

சம்சுதீன் வந்த சிறிது நேரத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரும் வந்தார். ஒல்லியான ஆள், வெளியூர்ப் பேச்சு. பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் பார்த்து டிக் போட்டார். பெடலை அமுக்கினார். குமிழை இழுத்தார். “எல்லாம் ஃப்ரீயா இருக்கே” என்று பேனாவைத் திறந்தபோது சம்சுதீன் குறுக்கே போனார். கேபிள், பட்டை, கரண்டு எல்லாம் சொன்னார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகவே கேட்டார்.

“சொல்றது நல்லா இருக்கு. காட்டுங்க. ஒரு தடவை.”

ஸ்டேஷன் வளாகத்தில், பிடிபட்ட மணல் ஒரு குவியலாகக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் காம்பவுண்டுச் சுவர். ஜீப்பின் மூக்கைக் குவியலில் முட்டவைத்து, லோ ஃபர்ஸ்ட்டில் போட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் செல்ஃப் அடிப்பது என்று பேசிக்கொண்டோம். எஞ்சின் பிடித்து நிற்காமல் போனால் மூச்சை அடைப்பதற்கு, காற்றுக் குழாயை உருவிவிட்டு ஒரு பலகைத் துண்டோடு நின்றார் சம்சுதீன். மறு கையில் மீட்டர். இன்ஸ்பெக்டர் முன்னிலையில் குழாயை உருவ ஏட்டையா ஒப்புக்கொண்டார். ஓட்டுகிற இடத்தில் யார் உட்கார்வது? சேசுராஜ் கூடாது. நான் ஏறினேன்.

பானெட்டைத் திறந்து கண்ணாடிமேல் சாய்த்திருந்ததால் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் அலறியது. வண்டி அங்குலம் அங்குலமாக மணலில் ஏறியது. பத்து எண்ணினேன். எஞ்சின் பிடித்தது. காலை எடுத்தேன். சத்தம் அடங்கியது. குமிழை இழுத்தேன், வந்தது, எஞ்சின் நின்றது.

“ஒண்ணேகால் வோல்ட்டு” என்றார் சம்சுதீன். “மதியம் மூணு காட்டுச்சு சார். அடிச்சு வச்ச மாதிரி மூணு.”

“இப்ப காட்டல. கேபிளும் மாட்டல.” இன்ஸ்பெக்டர் காகிதத்தை மட்கார்டின்மேல் வைத்தார்.

சம்சுதீன் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ஸ்பேனரை வைத்த இடத்தில் வைக்கிற ஆள் அவர், அதை உப்புத்தாளின் மேல் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கேட்டில் சேசுராஜ் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். பேனா காகிதத்தைத் தொட்டது.

“சார், எழுதாதீக” என்றேன். “அந்தப் போல்ட்டை நான் தொட்டுட்டேன்.”

“எந்தப் போல்ட்?”

“எர்த் பட்டைப் போல்ட்டு. அரை மணி முந்தி, இவரு தொழப் போனப்ப. கால் சுத்துத் திருப்பினேன். லேக்கர் உடைஞ்சு கொஞ்சம் பிடிச்சிருக்கு. அதான் மாட்டலை.”

ஏட்டையாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “யோவ், ஸ்டேஷனுக்குள்ளயே வந்து சாட்சியைக் கலைச்சியா?” என்று பெல்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“எதுக்குத் திருப்புனீங்க?”

பொய் சொல்லவேண்டிய இடத்தில் நூறு வார்த்தை வரும். இதற்கு ஒன்றுதான் வந்தது.

“விக்கிறதுக்கு.”

அவர் பேனாவை மூடினார். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டு, சேசுராஜ் போட்ட அந்தச் சாக்கின் மேலேயே படுத்து உள்ளே பார்த்தார். போல்ட்டின் தலையிலும் பட்டையிலும் லேக்கர் ஒரே கோடாக ஓடி, நடுவில் உடைந்து விலகியிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டார்.

“கோட்டுக்குக் கோடு சேர்ற மாதிரி திருப்பி வைங்க, பாய். இன்னொரு தடவை பார்க்கலாம். இதான் கடைசி.”

சம்சுதீன் திருப்பி வைத்தார். நான் மறுபடி ஏறினேன். கோளாறு வந்தால் எனக்கு ஆபத்து, வராவிட்டால் சேசுராஜுக்கு. வரட்டும் என்று வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். என் சாமானில் குறை இருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பத்து எண்ணினேன். செல்ஃப் மோட்டார் முக்கியது. பன்னிரண்டு. வாடை வந்தது, பிளாஸ்டிக் கருகுகிற வாடை. பதினைந்து. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து மெல்லிய புகை. பதினெட்டில் எஞ்சின் பிடித்தது. காலை எடுத்தேன்.

சத்தம் அடங்கவில்லை. ஏறியது.

பெடல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. குமிழைப் பிடித்து இழுத்தேன். சுவரில் அடித்த ஆணியை இழுக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். ஜீப் நான்கு சக்கரத்தாலும் மணலைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. எனக்கு வானமும் பானெட்டும்தான் தெரிந்தன, சுவர் எங்கே, சம்சுதீன் எங்கே என்று தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன், லோ கியர் அதையும் இழுத்துக்கொண்டு போனது. இடது கால் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

“கிளட்ச்சுண்ணே! கிளட்ச்ச மிதிங்க! பிரேக்க விட்ராதீக!”

கேட்டிலிருந்து சேசுராஜ் கத்தினார். மிதித்தேன். சுமை விட்ட எஞ்சின் ஊளையிட்டது. வண்டி குவியலின் உச்சியில் குலுங்கி நின்றது. சம்சுதீன் மணலில் ஓடி ஏறி, பலகையைக் காற்றுக் குழாயின் வாயில் அறைந்து நெஞ்சால் அழுத்தினார். எஞ்சின் இரண்டு தடவை விக்கி, நின்றது.

முன் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் கேபிளைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு குமிழை ஒரு விரலால் இழுத்தார். வந்தது. பெடல், அதுவும் மேலே வந்துவிட்டிருந்தது. நீளமாக எழுத ஆரம்பித்தார்.

“பட்டைக்கு லேக்கர் அடிச்சது யாரு?”

“நான்தான் சார்.” ‘கடை’ என்று சொல்லவில்லை. ஆனாலும் வியாபாரி ரத்தம் விடுமா? “சார், லேக்கர்னு போடாம, ‘மின் இணைப்பில் சிறு குறைபாடு’ன்னு...”

“அந்தச் சிறு குறைபாட்டுலதான் ஒருத்தருக்குக் கால்ல பிளேட் வெச்சிருக்கு” என்றார், தலையைத் தூக்காமல்.

ஏட்டையா என் பழைய வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுதி வாங்கினார். போல்ட்டைத் தொட்டதைத் தனியாக ஒரு பத்தி எழுதினார். அதற்கு என்ன சட்டம், எத்தனாவது பிரிவு என்று மேலே கேட்டுவிட்டுச் சொல்வதாக, கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார். கோயம்புத்தூர்க்காரரின் போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது.

வெளியே வந்தபோது சேசுராஜ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்கிற அளவுக்கு எனக்கு வெட்கம் இல்லாமல் போயிருந்தது. அவர் சொல்லவில்லை.

“பெரிய சிஸ்டர் ஆறு மணி வரைக்கும்தான் ஆபீஸ்ல இருப்பாக” என்றார். “நாளைக்குப் புது ஆளை நிரந்தரம் பண்றாகளாம்.”

“ரிப்போர்ட்டு ரெண்டு நாள்ல கைக்கு வந்துரும் சேசு. காகிதத்தோட போயிரலாம்.”

“ரெண்டு நாள்ல வேனு போயிரும். நீங்க இப்ப வந்து சொல்லுங்க.”

“என்ன சொல்லணும்?”

“நடந்ததை.”

“லேக்கர் விஷயத்தைச் சொல்லிர்றேன். அது போதும்ல?” என்றேன். “மத்தது, அந்தப் போல்ட்டு... அது சிஸ்டருக்கு எதுக்கு?”

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார். நின்றார். நாலு நாளில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“சிஸ்டருக்குத் தேவையில்லைதான். எனக்கு வேணும்ண்ணே.”

சம்சுதீன் மொபெட்டை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, ஏறுகிறேனா இல்லையா என்பதுபோல் பார்த்தார். சேசுராஜ் அதற்குள் மிதிக்கத் தொடங்கியிருந்தார், நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை. மணி ஐந்து நாற்பது. பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர்.

ஏறி உட்கார்ந்தேன்.